சொன்ன நாள், வந்த நாள்: சிறு தொழில்களும் சப்ளை செயின் தகவலும்

ஒரு சிறு தொழிலகத்தின் கொள்முதல் ஃபைலை எடுத்துப் பாருங்கள். ஆர்டர் போட்ட தேதி ஒரு தாளில் இருக்கும், இல்லையென்றால் யாருடைய போனிலோ ஒரு வாட்ஸ்அப் செய்தியாக இருக்கும். சரக்கு வந்து இறங்கிய தேதி டெலிவரி சலானில், வாங்கியவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இந்த இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எண்ணிக்கை சரியா, தொகை சரியா என்று பார்த்துப் பணத்தைக் கட்டியதும் ஃபைல் அலமாரிக்குப் போய்விடும். பெரிய நிறுவனங்கள் பெரும் செலவில் மென்பொருளும் ஆட்களும் வைத்துத் திரட்டுகிற தகவல், அந்த அலமாரியில் ஏற்கெனவே கிடக்கிறது.

சப்ளை செயின் என்பது மூலப்பொருளிலிருந்து கடைசி வாடிக்கையாளர் வரை சரக்கு கைமாறி வரும் சங்கிலி. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் கப்பல், கன்டெய்னர், பிரம்மாண்டமான கிடங்கு என்றே மனம் போகிறது. அதனால் அது பெரியவர்களின் விஷயம் என்று சிறு தொழில் நடத்துபவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். என் பார்வையில் இது அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. பெரிய நிறுவனம் மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கும், தவறான கணிப்பால் சரக்கு தேங்கினாலும் தாங்கிக்கொள்ளும். சிறியவரிடம் அந்த அளவும் இல்லை, தாங்கும் பணமும் இல்லை. என்ன வரும், எப்போது வரும் என்று உறுதியாகத் தெரியாததால்தான் எல்லோரும் சரக்கை அடுக்கி வைக்கிறோம். தெரிந்துகொண்ட அளவுக்கு அடுக்க வேண்டியது குறையும். முடங்கிக் கிடந்த பணம் கைக்கு வரும்.

கணக்காகவே பார்த்துவிடலாம். தண்ணீர் பம்பு தயாரிக்கும் ஒரு சிறிய யூனிட்டை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 40 பேரிங் செலவாகிறது. இரண்டு சப்ளையர்கள். முதலாமவர் ஏழு நாளில் தருவதாகச் சொல்கிறார், இரண்டாமவர் பத்து நாள் கேட்கிறார். யாரும் முதலாமவரைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இப்போது அந்தப் பழைய சலான்களை எடுத்து, கடைசி எட்டு முறை உண்மையில் எத்தனை நாள் ஆனது என்று எழுதுவோம். முதலாமவர்: 6, 7, 7, 8, 6, 15, 7, 8. சராசரி 8 நாள். இரண்டாமவர்: 10, 9, 10, 11, 10, 10, 11, 9. சராசரி 10 நாள்.

சராசரியை மட்டும் பார்த்தால் இன்னமும் முதலாமவரே வேகமானவர். ஆனால் வேலை நிற்கக்கூடாது என்று நினைப்பவர் மோசமான நாளுக்குத்தான் தயாராக இருக்க வேண்டும். முதலாமவரிடம் வாங்கினால் 15 நாள் தாங்க வேண்டும். அதாவது கையிருப்பு 600 பேரிங்குக்கு இறங்கும்போதே அடுத்த ஆர்டரைப் போட்டாக வேண்டும். இரண்டாமவர் அதிகபட்சம் 11 நாள்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். 440க்கு இறங்கும்வரை காத்திருக்கலாம். இதில் சராசரி நாட்களுக்கான செலவைக் கழித்துவிட்டால், 'எதற்கும் இருக்கட்டும்' என்று வைக்க வேண்டிய இருப்பு முதலாமவருக்கு 280, இரண்டாமவருக்கு வெறும் 40. மெதுவாகத் தருபவரிடம் வாங்குபவர் ஏழில் ஒரு பங்கு பாதுகாப்பு இருப்போடு நிம்மதியாக இருக்கலாம். முதலாமவர் விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும், கூடுதலாக முடங்கும் 240 பேரிங்கின் பணத்தோடு அந்தச் சலுகையை ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

தினசரிச் செலவும் ஏறி இறங்கும், எட்டு முறை என்பது சின்னக் கணக்கு, அந்த 15 நாள் ஒரே ஒரு முறை நடந்தது. எல்லாம் உண்மைதான். அதனால்தான் நாட்களோடு காரணத்தையும் ஒரு வரியில் எழுதி வைக்க வேண்டும். லாரி பழுதானதால் 15 நாள் ஆனது என்றால் அது வேறு. சப்ளையரிடமே சரக்கு இல்லாமல் போனதால் 15 நாள் என்றால் அது திரும்பவும் வரும். புத்தகங்கள் இதற்குத் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) போட்டுச் சூத்திரம் தருகின்றன. ஆர்டர் போடும் அளவைக் கணக்கிடும் சூத்திரத்தை ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1913லேயே எழுதிவிட்டார். சூத்திரங்கள் நல்லவைதான். ஆனால் அவற்றில் போட வேண்டிய எண்களே பெரும்பாலான சிறு தொழிலகங்களில் இல்லை. சராசரி, மோசமான நாள், அதற்கான காரணம் என்ற மூன்றும் இருந்தாலே முக்கால்வாசி பயன் கிடைத்துவிடும்.

அடுத்தது, கடைசி வாடிக்கையாளர் உண்மையில் எவ்வளவு வாங்குகிறார் என்ற தகவல். இது எளிதாகத் தெரியும், ஆனால் சங்கிலியில் மேலே ஏற ஏற உருக்குலைந்து போகும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் இதை 1961இல் விரிவாக எழுதினார். அங்கே உருவான ஒரு வகுப்பறை விளையாட்டு இன்றும் உலகெங்கும் வணிகப் பள்ளிகளில் விளையாடப்படுகிறது. சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என நான்கு பேர். ஒருவருக்கொருவர் பேசக்கூடாது, ஆர்டர் சீட்டு மட்டுமே நகரும். கடைசி வாடிக்கையாளரின் தேவை வாரம் 4 பெட்டியாக இருந்து, ஒரே ஒரு முறை 8 பெட்டியாக உயர்ந்து, பிறகு அப்படியே நிலைத்துவிடும். நடக்கும் மாற்றம் அவ்வளவுதான். ஆனால் விளையாட்டு முடியும்போது தொழிற்சாலைக்குப் போன ஆர்டர்கள் மலையும் பள்ளமுமாக இருக்கும். முதலில் பெரும் தட்டுப்பாடு வரும், அப்புறம் பெரும் தேக்கம். வாடிக்கையாளர்தான் தாறுமாறாக வாங்கியிருக்கிறார் என்று விளையாடியவர்கள் உறுதியாக நம்புவார்கள்.

சாட்டையைப் பிடித்த கை சற்றே அசைந்தால் போதும், நுனி பெரிதாக வீசும். அதனால் இதற்கு 'புல்விப்' விளைவு என்று பெயர். வகுப்பறைக்கு வெளியிலும் இது நடக்கிறது. குழந்தைகளின் டயாப்பர் விற்பனையை புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் ஆராய்ந்தபோது, கடைகளில் விற்பனை கிட்டத்தட்ட சீராகவே இருந்தது. விநியோகஸ்தர்களின் ஆர்டர்களோ அதைவிடப் பலமடங்கு ஏறி இறங்கின. அந்த நிறுவனம் தன் மூலப்பொருள் சப்ளையர்களுக்குப் போட்ட ஆர்டர்கள் இன்னும் கூடுதலாக ஆடின. ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 1997இல் இதற்கு நான்கு காரணங்களைச் சொன்னார்கள். வந்த ஆர்டரையே தேவை என்று எண்ணிக் கணிப்பை மாற்றுவது, மொத்தமாகச் சேர்த்து ஆர்டர் போடுவது, தள்ளுபடி நாளில் அள்ளிக்கொள்வது, தட்டுப்பாட்டின்போது தேவைக்கு மேல் கேட்டு வைப்பது.

நான்காவது காரணத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் சிறியவர்கள் அதிகம் அடிபடுவது அங்கேதான். சரக்கு குறைவாக இருக்கிறது என்ற பேச்சு கிளம்புகிறது. கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. 100 தேவைப்படுபவர் 200 கேட்கிறார். அதே பொருளை மூன்று இடத்தில் ஆர்டர் போட்டு, முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு மற்றவற்றை ரத்து செய்கிறார். தயாரிப்பாளர் இந்தப் பொய்த் தேவையை நம்பி உற்பத்தியைக் கூட்டுகிறார். சில மாதத்தில் தட்டுப்பாடு தீர்ந்ததும் ஆர்டர்கள் ஒரேயடியாக மறைந்து போகின்றன. பெரிய வாங்குநரின் ரத்து செய்யப்பட்ட ஆர்டருக்காக உதிரிப்பாகம் செய்து வைத்திருந்த சிறிய பட்டறைதான் கடைசியில் அந்த இருப்போடு உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட பட்டறை தன்னை எப்படிக் காத்துக்கொள்வது? ஆர்டர் திடீரென்று இரட்டித்தால் மகிழ்ச்சியோடு மெஷினை முடுக்குவதற்கு முன்னால், "உங்கள் விற்பனை கூடியிருக்கிறதா, அல்லது ஸ்டாக் கட்டுகிறீர்களா?" என்று கேட்டுவிட வேண்டும். கேட்டால் பதில் சொல்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். வாங்குபவர் பக்கத்திலும் இதே நேர்மை பலன் தரும். உண்மையான தினசரிச் செலவையும் அடுத்த ஆறு வாரத் தேவையையும் சப்ளையரிடம் மாதம் ஒருமுறை சொல்லி வருபவரின் ஆர்டரை, தட்டுப்பாட்டு நேரத்திலும் அவர் அப்படியே நம்பலாம். வழக்கத்தைவிட மூன்று மடங்கு கேட்பவரின் ஆர்டரைத்தான் முதலில் வெட்டத் தோன்றும்.

சப்ளையர் வாய்திறந்து சொல்லாத தகவலும் உண்டு. சரக்கோடு அதுவும் வந்து இறங்குகிறது, கவனிக்கத்தான் ஆள் வேண்டும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட உற்பத்தித் தேதியைப் பாருங்கள். ஒரு விநியோகஸ்தரிடமிருந்து வரும் பெட்டிகளில் வழக்கமாக மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டு மாதமாகி, ஒரு மாதமாகி, இப்போது போன வாரத் தேதியோடு வருகிறது. புதுச் சரக்கு என்று சந்தோஷப்படலாம். ஆனால் அவர் கிடங்கில் இருப்பு கரைந்துவிட்டது, தொழிற்சாலையிலிருந்து வருவது வந்த வேகத்திலேயே வெளியே போகிறது என்பதற்கும் அது அறிகுறியாக இருக்கலாம். அடுத்த மாதம் தாமதம் வரக்கூடும் என்று ஊகித்து ஒரு வாரம் முன்னதாக ஆர்டர் போடலாம். எதிர்த் திசையில், தேதிகள் பழசாகிக்கொண்டே போனால் அவரிடம் சரக்கு தேங்கியிருக்கிறது, விலை பேச நல்ல நேரம். ஒரே பெட்டியை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. நாலைந்து முறை பார்த்தால் போக்கு தெரிந்துவிடும். கேட்டதை இரண்டு தவணையாகப் பிரித்து அனுப்பத் தொடங்குவது, சொல்லாமல் வேறு பிராண்டை வைத்து அனுப்புவது, கடன் நாட்களைத் திடீரென்று குறைப்பது என எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு செய்தி இருக்கிறது. கடன் நாட்களைக் குறைப்பவருக்குப் பண நெருக்கடி இருக்கலாம். அப்படியானால் அவரை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்து. சரக்கு கொண்டுவரும் டிரைவரிடம் இரண்டு நிமிடம் பேசுவதும் தகவல் திரட்டுவதுதான். கிடங்கு நிரம்பியிருக்கிறதா, காலியா என்பதை அவர் தினமும் கண்ணால் பார்க்கிறார்.

சின்ன அறிகுறியை யார் முதலில் பொருட்படுத்துகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்குப் பெயர்பெற்ற ஒரு சம்பவம் உண்டு. 2000ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் இருந்த பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னல் தாக்கியதால் தீப்பிடித்தது. நிமிடங்களில் அணைந்துவிட்ட சிறிய தீ. அந்தச் சிப்புகளை நோக்கியாவும் எரிக்சனும் வாங்கிக்கொண்டிருந்தன. ஒரு வாரம்தான் தாமதமாகும் என்று இருவருக்கும் சொல்லப்பட்டது. நோக்கியா அந்தப் பாகத்தைத் தனிக் கண்காணிப்பில் வைத்து விடாமல் விசாரித்தது. உண்மையில் பல வாரங்கள் ஆகும் என்று புரிந்ததும் பிலிப்ஸின் மற்ற ஆலைகளின் திறனையும் மாற்று சப்ளையர்களையும் பிடித்துக்கொண்டது. எரிக்சன் அதை வழக்கமான தகவலாக எடுத்துக்கொண்டது. எரிக்சனுக்கு நேர்ந்த இழப்பு சுமார் 40 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. அடுத்த ஆண்டே அதன் கைபேசித் தொழில் சோனியோடு கூட்டு சேர்ந்தது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் இந்தத் தீ அவற்றில் ஒன்று. நோக்கியாவின் பேரம் பேசும் பலம் ஒரு சிறு தொழிலுக்கு வராது. ஆனால் 'ஒரு வாரம்' என்ற சொல்லை அப்படியே நம்பாமல் மூன்றாம் நாள் மறுபடியும் போன் போடுவதற்குப் பலம் தேவையில்லை.

இரண்டு சப்ளையர் வைத்திருக்கிறேன், எனக்குக் கவலையில்லை என்று சொல்பவர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது: அந்த இருவரும் எங்கே வாங்குகிறார்கள்? 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியபோது, காருக்கு மினுமினுப்பான நிறம் தரும் 'சிராலிக்' என்ற நிறமியின் உற்பத்தி நின்றது. அதை உலகத்திலேயே ஒரே ஓர் ஆலைதான் செய்துகொண்டிருந்தது. ஓனஹாமாவில் இருந்த மெர்க் நிறுவனத்தின் ஆலை அது. ஃபோர்டும் கிரைஸ்லரும் சில கறுப்பு, சிவப்பு நிற வண்டிகளுக்கான ஆர்டர்களைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. பெயின்டை வேறு வேறு இடத்தில் வாங்கினாலும் உள்ளே இருக்கும் பொடி ஒரே இடத்திலிருந்து வந்தால், இரண்டு சப்ளையர் என்பது பெயரளவில்தான் இரண்டு. சிறு தொழில் நடத்துபவர் இதற்காக ஆராய்ச்சி எதுவும் செய்ய வேண்டியதில்லை. இரு சப்ளையரின் பெட்டிகளையும் பக்கத்தில் வைத்துத் தயாரிப்பாளர் பெயர், தயாரான நாடு, பேட்ச் எண்ணின் அமைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வெளியே பொதுவில் கிடைக்கும் தகவல்கள் முன்பைவிட இப்போது ஏராளம். பன்னாட்டுப் பயணம் போகும் 300 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை அறிவிக்கும் தானியங்கிக் கருவியைப் பொருத்த வேண்டும் என்ற விதி 2004 முடிவுக்குள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதனால் நம் சரக்கு ஏறிய கப்பல் இப்போது எந்தக் கடலில் இருக்கிறது என்று போனிலேயே பார்க்கலாம். ஏஜென்ட் சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் கப்பலில் வந்து இறங்கும் சரக்கின் ஆவண விவரங்கள், ரகசியம் காக்கும்படி கேட்டுக்கொண்டவர்களுடையது போக, பொதுவில் கிடைக்கின்றன. யார் யாரிடமிருந்து இறக்குமதி செய்கிறார்கள் என்பதை அதில் தேடலாம். புது சப்ளையரைத் தேடுபவருக்கு விளம்பரங்களைவிட இது நம்பகமானது.

ஆனால் கப்பல் இருக்கும் இடம் தெரிந்தால் சரக்கு நம் கைக்கு வந்துவிடாது. 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிய 'எவர் கிவன்' கப்பலை ஆறு நாளில் மீட்டுவிட்டார்கள் என்பதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு இழப்பீட்டுத் தகராறில் ஜூலை 7 வரை எகிப்து அந்தக் கப்பலைப் பிடித்து வைத்திருந்தது. கூடவே, மீட்புச் செலவைக் கப்பல் உரிமையாளரும் சரக்கு உரிமையாளர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற பழைய கடல் வணிக விதியின்படி 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவிக்கப்பட்டது. இந்த நிலையில் சரக்குக் காப்பீடு எடுத்திருந்தால் காப்பீட்டு நிறுவனம் உத்தரவாதம் தரும். எடுக்காதவர் தன் சொந்தச் சரக்கை எடுக்கவே பணத்தை முன்வைப்பாகக் கட்ட வேண்டும். ஒரே ஒரு கன்டெய்னரில் ஒரு சீசனுக்கான சரக்கு முழுவதையும் போட்டிருக்கும் சிறு இறக்குமதியாளருக்கு, கப்பலின் வரைபடத்தைவிட இந்த விதி முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

மூலப்பொருள் விலையும் இப்படிப் பொதுவில் கிடைக்கும் தகவல்தான். செம்பு, அலுமினியம் போன்றவற்றின் உலக விலை லண்டன் உலோகச் சந்தையில் தீர்மானமாகிறது. அது எல்லோரும் பார்க்கக்கூடியதுதான். மோட்டார் காயில் கட்டும் ஒருவர் செம்புக் கம்பி விலையைச் சப்ளையர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார் என்றால், ஏற்றம் அவருக்கு உடனே வந்து சேரும், இறக்கம் மெல்லத்தான் வரும். வாரம் ஒருமுறை சந்தை விலையைக் குறித்து வைப்பவர், "மூன்று வாரமாக இறங்கியிருக்கிறதே, உங்கள் விலையில் இன்னும் வரவில்லையே" என்று கேட்கலாம். தான் கொடுக்கும் கொட்டேஷனில் 'ஏழு நாள் வரை செல்லும்' என்று எழுதலாமா, 'முப்பது நாள்' என்று துணியலாமா என்பதையும் அதை வைத்தே முடிவு செய்யலாம்.

இவ்வளவு தகவலும் கடைசியில் வாடிக்கையாளர் முன்னால் ஒரே ஒரு வாக்கியமாக மாற வேண்டும்: எப்போது கிடைக்கும்? பெரிய நிறுவனம் 'ஐந்திலிருந்து பத்து வேலைநாள்' என்று சொல்லும் இடத்தில், "வியாழக்கிழமை தருகிறேன்" என்று சொல்லி வியாழக்கிழமையே தர முடிந்தால், விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் வாங்குபவர்கள் உண்டு. அவர்களுடைய வேலையும் வேறு யாரோ ஒருவரின் சங்கிலியில் ஒரு கண்ணி. அந்த வாக்கைக் கொடுக்கும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு ஆர்டருக்கும் 'சொன்ன நாள்', 'வந்த நாள்' இரண்டையும் அருகருகே எழுதி வைத்த நோட்டிலிருந்துதான்.

தகவலைப் பகிர்வதில் ஒரு எச்சரிக்கையும் தேவை. சப்ளையருக்கு நம் தேவையைச் சொல்வது வேறு, நமக்குப் போட்டியாகவும் விற்கும் ஒரு தளத்திடம் எல்லா விற்பனை விவரத்தையும் கொடுப்பது வேறு. தன் தளத்தில் விற்கும் வியாபாரிகளின் வெளியிடப்படாத தரவுகளை அமேசான் தன் சொந்தச் சில்லறை வணிகத்துக்குப் பயன்படுத்துகிறதா என்று ஐரோப்பிய ஆணையம் 2019 ஜூலையில் விசாரணை தொடங்கியது. அப்படிப் பயன்படுத்துவதில்லை என்பது உள்ளிட்ட உறுதிமொழிகளை அமேசான் தர, 2022 டிசம்பரில் ஆணையம் அவற்றைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உறுதிமொழிகளாக ஏற்றது. எந்தப் பொருள், எந்த மாதம், எந்த விலையில் நன்றாகப் போகிறது என்பது சிறு வியாபாரி வருடக்கணக்கில் பாடுபட்டுக் கற்றது. அதை யாரிடம், எதற்காகத் தருகிறோம் என்று ஒப்பந்தத்தில் படித்துப் பார்க்க ஒரு மணி நேரம் செலவிடலாம்.

நோட்டுப் புத்தகமா, எக்செல் தாளா, மென்பொருளா என்பது எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரியவில்லை. யார் எழுதுவது என்பதுதான் பெரிய கேள்வி. கணக்குப் பிரிவில் மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் பில் தேதிதான் பதிவாகும், சரக்கு வந்த தேதி பதிவாகாது. இரண்டும் ஒன்றல்ல, பில் முதலில் வந்து சரக்கு நாலு நாள் கழித்து வருவது சாதாரணம். லோடு இறங்கும் இடத்தில், பெட்டியை எண்ணுகிறவரே எழுத வேண்டும். தேதி, எண்ணிக்கை, பெட்டியில் இருக்கும் உற்பத்தித் தேதி, தாமதமென்றால் ஒரு வரிக் காரணம். ஒரு நிமிட வேலை.

இதெல்லாம் ஏற்கெனவே எங்கள் பர்ச்சேஸ் பார்ப்பவருக்கு மனப்பாடம் என்று பல தொழிலகங்களில் சொல்வார்கள். பொய்யில்லை. எந்த சப்ளையர் எந்த மாதத்தில் இழுப்பார், யாரிடம் இரண்டு நாள் முன்பே நினைவூட்ட வேண்டும், எந்தப் பெட்டியில் எண்ணிக்கை குறையும் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருக்கும். அவர் வேலை மாறிப் போகும்போது அதுவும் அவரோடு போய்விடும். அவர் இடத்துக்கு வருகிற புதியவர் சப்ளையர் பட்டியலைத் திறப்பார். முதல் பெயருக்கு எதிரே '7 நாள்' என்று இருக்கும், அதை நம்பி முதல் ஆர்டரைப் போடுவார்.